தலைவரை இறக்கிய விதம்

காப்பி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். நானே போட்டது. டிகாக்ஷன் கொஞ்சம் தண்ணீராகத்தான் இறங்கியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜலக்ஷ்மி இருந்தால் உங்களுக்கு நல்ல காப்பி கிடைத்திருக்கும். அவள் மைசூரில் எங்கள் மகள் ஸ்ரீவித்யாவோடு இருக்கிறாள்.

போனில் நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பேசினீர்கள். சங்க அனுபவங்களைக் கேட்க வேண்டும் என்றீர்கள். எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது என்றாலும் காது நன்றாகக் கேட்கிறது. உங்கள் கம்பெனி விமானங்களைத் திருப்பிக் கொடுக்கிறது, சம்பளத்தை வெட்டுகிறது, ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறது. உங்கள் சங்கத் தலைவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். அவரை எப்படி இறக்குவது என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். தொண்ணூற்றாறில் ஓட்டெடுப்பு இல்லாமலே ஒரு தலைவரை இறக்கிய ஆள் கேப்டன் சேஷகிரி என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். உட்காருங்கள். எப்படி இறக்கினேன் என்று சொல்கிறேன்.

உங்களில் ஒருவர் போனில் ஒரு வார்த்தை சொன்னார். "இது பைலட்டுகள் சங்கமா, மேனேஜ்மென்ட் சங்கமா சார்?" இதே வார்த்தையை நான் அப்போதே கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்பதைவிட, முதலில் சொன்னவனே நான்தான் என்பது சரியாக இருக்கும்.

எங்கள் கம்பெனி சாரதி ஏர்வேஸ். தனியார் விமானங்களுக்கு அனுமதி கிடைத்த சூட்டில் பெங்களூரில் தொடங்கியது. குத்தகைக்கு எடுத்த பழைய போயிங்குகள், சிரித்த முகத்தோடு பரிமாறும் பெண்கள், எல்லா டிக்கெட்டுக்கும் சூடான சாப்பாடு. மூன்று வருஷம் நாங்கள் எல்லோரும் பெரிய மனிதர்களாக இருந்தோம். நான்காவது வருஷம் குத்தகைக்காரர்கள் இரண்டு விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விமானம் குறைந்தால் விமானி உபரி. உங்களுக்குப் புரியும்.

சங்கத்துக்கு அப்போது தலைவன் முனிகிருஷ்ணன். செயலாளர் நான்.

முனியும் நானும் ஜக்கூர் விமானப் பள்ளியில் ஒன்றாகப் பறக்கக் கற்றவர்கள். என் தாத்தா மைசூர் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், அப்பா பொதுப்பணித்துறை என்ஜினீயர். எனக்கு அங்கே சேருவது கஷ்டமாக இல்லை. முனி நீலசந்திராவில் ஒற்றை அறை வீட்டிலிருந்து வந்தவன். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அம்மா வள்ளியம்மா கன்டோன்மென்ட் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தவர். அவன் அரசாங்க உதவித்தொகையில் படித்தான். முதல்நாள் ஆங்கிலத்தில் பேச வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கடைசி நாள் எங்கள் எல்லோரையும்விட அதிக மார்க் வாங்கியிருந்தான். காற்று குறுக்கே அடிக்கும்போது அவன் விமானத்தை இறக்குவதைப் பார்க்க ஆசிரியர்களே ஓடுதளத்தின் ஓரத்தில் வந்து நிற்பார்கள்.

அவன் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவான். என் அம்மா அவனுக்கு எப்போதும் வாழை இலையில்தான் சாப்பாடு போடுவாள். எங்களுக்குத் தட்டு. விருந்தாளி என்பதால் இலை என்று நான் அவனிடம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு இலையைத் தானே எடுத்துப் போட்டான். நான் சொன்னதை அவன் நம்பினான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முனி குடிக்க மாட்டான். அவன் அப்பா குடித்தே செத்தவர். அது மட்டுமில்லை, அவர்கள் புத்தரைக் கும்பிடுகிற குடும்பம். மதுவைத் தொடுவதில்லை என்பது அவன் அம்மா தினமும் காலையில் விளக்கு வைத்துச் சொல்கிற ஐந்து உறுதிமொழிகளில் ஒன்று. கூடவே முனியும் சொல்லுவான். அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்று அம்மாவின் தலையில் கை வைத்தும் சொல்லியிருக்கிறான். கம்பெனி விருந்துகளில் எங்கள் எல்லோர் கையிலும் கிளாஸ் இருக்கும்போது அவன் எலுமிச்சை ஜூஸைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நாங்கள் கேலி செய்வோம். அவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் அம்மாவும் பிள்ளையும்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி எங்கள் முன்னால் இரண்டு வழி வைத்தது. ஒன்று, எல்லோருக்கும் சம்பளவெட்டு. இரண்டு, கடைசியாகச் சேர்ந்த பதினாறு கோ-பைலட்டுகளுக்குச் சம்பளமில்லா விடுப்பு. நீங்கள் இப்போது ஃபர்லோ என்று சொல்கிறீர்கள். பெயர்தான் வேறு, வீட்டில் உட்கார வேண்டியது ஒன்றுதான். கேப்டன்கள் எல்லோரும் இரண்டாவது வழியைத்தான் எதிர்பார்த்தோம். உலகம் முழுக்க அதுதானே நடக்கிறது, கடைசியில் வந்தவன் முதலில் போவது.

ஜோகுபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொதுக்குழு கூட்டினோம். முனி எழுந்து, முதல் வழிக்கு ஒப்புக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னான். அதிலும் கேப்டன்களுக்குப் பெரிய வெட்டு, கோ-பைலட்டுகளுக்குச் சின்ன வெட்டு. யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கூடவே ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்றான். இரண்டு பறப்புகளுக்கு நடுவே எங்களுக்குரிய ஓய்வு நேரத்தைக் குறைக்கக் கம்பெனி கேட்டது, அதை மறுத்துவிட்டானாம்.

கேப்டன்கள் பக்கத்தில் கொதித்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் சம்பளத்தைத் தானம் செய்ய இவன் யார் என்றார்கள். முனி இரண்டு நாள் தொண்டை கிழியப் பேசினான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓஸ்வால்டைக் காட்டினான். விவேக் நகர்ப் பையன், கோ-பைலட்டுகளில் கடைசி ஆள். "இவன் ஒரு வருசம் தரையில உக்காந்தா அப்புறம் எவனும் எடுக்க மாட்டான். நம்ம காசு போனா திரும்பி வரும். இவன் பறக்கறது போனா வராது" என்றான். நான் எழுந்து அந்த வாக்கியத்தைச் சொன்னது அப்போதுதான். இது பைலட்டுகள் சங்கமா, மேனேஜ்மென்ட் சங்கமா என்று கேட்டேன். கைதட்டினார்கள். முனி என்னைப் பார்த்தான். கோபமில்லை. இதை வீட்டில் பேசியிருக்கலாமே என்பதுபோல ஒரு பார்வை. ஓட்டெடுத்தால் அவன் ஜெயித்துவிடுவான் என்று எனக்கு அந்த மண்டபத்திலேயே தெரிந்துவிட்டது. கோ-பைலட்டுகள் எண்ணிக்கையில் அதிகம்.

எனக்கு அப்போது இந்திராநகரில் வீடு கட்டி முடிகிற சமயம். அதனால்தான் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அது காரணமில்லை. சம்பளம் குறைந்தாலும் வீடு எழும்பியிருக்கும். நான் சங்கத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். மூத்தவர்களை அவமதிக்கும் சங்கம் உருப்படாது என்று மனப்பூர்வமாக நினைத்தேன்.

கம்பெனியில் ஆள் நிர்வாகம் பார்த்தவர் கோவிந்தப்பா. அவருக்கும் முனியைப் பிடிக்கவில்லை, அந்த ஓய்வு நேர விஷயத்தால். ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தட்டில் முந்திரி வைத்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். "நோடி, பாருங்க கேப்டன், உங்களை மாதிரி குடும்பத்துலேருந்து வந்தவங்ககிட்ட பேசினா விஷயம் சீக்கிரம் முடியும்" என்று மட்டும் சொன்னார். முந்திரி நன்றாக வறுத்திருந்தது. நான் அவருக்கு எந்த வாக்கும் கொடுக்காமல்தான் எழுந்து வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பறப்பதற்குமுன், குடித்திருக்கிறோமா என்று பார்க்க, டாக்டர் அறையில் போய்க் கருவியில் ஊதிவிட்டு வர வேண்டும் என்ற பழக்கம் எங்கள் கம்பெனியில் வந்திருந்தது. கருவி புதிது. தினமும் எல்லோருக்கும் இல்லை, அவ்வப்போது. எந்த நாள் என்று சங்கச் செயலாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்குத் தெரியாது. கேப்டன்கள் பலர் இந்தச் சோதனையை எதிர்த்தார்கள். மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டவன் முனிதான்.

இரண்டு நாள் பேசியதில் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூக்கும் அடைத்திருந்தது. நான் ராஜலக்ஷ்மியிடம் சொன்னேன், முனிக்குக் கொஞ்சம் கஷாயம் போட்டுக் கொடு என்று. அவளுக்கு முனியை மிகவும் பிடிக்கும். விடிவதற்குள் எழுந்து சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் தட்டிப் போட்டு, பனைவெல்லம் கரைத்துக் கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றினாள். குளிக்கப் போனாள். வீட்டில் ஒரு பிராந்தி பாட்டில் இருந்தது, அமெரிக்காவிலிருந்து என் சித்தப்பா மகன் கொண்டு வந்தது. அதைக் கஷாயத்தில் ஊற்றினேன். தாராளமாகவே ஊற்றினேன். ருசி பார்த்தேன். குடித்துப் பழகியவனுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். முனிக்குத் தெரிய வழியில்லை. மது எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் காப்பாற்றிய வாக்குதான் எனக்கு உதவியாக இருந்தது.

ஏர்போர்ட்டில் விமானிகள் அறையில் அவன் பம்பாய் விமானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். எனக்கு அன்று மாற்று ஆள் வேலை. யாராவது வராவிட்டால் நான் பறக்க வேண்டும். பிளாஸ்கைக் கொடுத்தேன். காரமாக இருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடு என்றேன். மண்டபத்தில் நடந்ததற்கு நான் சமாதானத்துக்கு வந்திருக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு தம்ளர் குடித்தான். நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டு, "சூடு உள்ள வரைக்கும் போவுதுடா. அண்ணிக்கு தேங்க்ஸ் சொல்லு" என்றான்.

டாக்டர் அன்று வந்து சேரவில்லை. ஏர்போர்ட் ரோட்டில் லாரி ஒன்று கவிழ்ந்து போக்குவரத்து நின்றுவிட்டது. முனி வானிலை அறிக்கையைப் பார்த்தான், எரிபொருள் கணக்கில் கையெழுத்துப் போட்டான், தொப்பியை எடுத்துக்கொண்டு விமானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். பஸ்ஸில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளோடு ஒரு கல்யாணக் கூட்டம் போனது நினைவிருக்கிறது. நான் ஜன்னல் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் வராமல் போனால் என்னவாகும் என்றுதான் யோசித்தேன். என்னவாகும் என்றால், என் திட்டம் என்னவாகும் என்று.

டாக்டரின் கார் வந்து நின்றது. நான் வெளியே போய் முனியைக் கைதட்டிக் கூப்பிட்டு, டாக்டர் வந்துவிட்டார், ஊதிவிட்டுப் போய்விடு, இல்லாவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள் என்றேன். சரிதான் என்று திரும்பி வந்தான்.

முதல் தடவை ஊதினான். டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார். அதுவும் அப்படியே. கருவி கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முனி சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் அவன் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டு எழுதினார். அப்போது முனியின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பம்பாய் விமானத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். சரியான நேரத்தில் கிளம்பி, சரியான நேரத்தில் இறங்கினோம். கல்யாணக் கூட்டத்துக் குழந்தைகள் எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

நான் திரும்பி வருவதற்குள் செய்தி பரவியிருந்தது. முனி குடித்துவிட்டு வந்தான் என்பதை நம்ப ஒருவருக்கும் ஒரு நிமிஷம் தேவைப்படவில்லை. வருஷக்கணக்காக எலுமிச்சை ஜூஸோடு அவனைப் பார்த்தவர்கள்தான். நீலசந்திரா ஆளில்லையா என்று ஒருவர் சொன்னார். ரத்தத்தில் வருவது என்று இன்னொருவர் சொன்னார். என்னைக் குறைசொல்லாதீர்கள், அவற்றை நான் சொல்லவில்லை. சொல்லுவார்கள் என்று மட்டும் எனக்கு முன்பே தெரியும். அதே கஷாயத்தை அன்று வேறு யாருக்காவது, எங்கள் குடும்பம் மாதிரி ஒரு குடும்பத்திலிருந்து வந்த கேப்டனுக்கு, கொடுத்திருந்தால் கருவியைத்தான் மாற்றியிருப்பார்கள்.

கம்பெனி விசாரணை வைத்தது. முனி என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தான். உள்ளே போவதற்குமுன் வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைலேருந்து நீ என்கூடதான இருந்தே. அத மட்டும் சொல்லு சேஷு, போதும்" என்றான். அவன் எங்கே கஷாயத்தைப் பற்றிச் சொல்லிவிடுவானோ என்று எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. சொன்னால் என்ன பதில் சொல்வது என்று தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். அவன் கடைசிவரை சொல்லவில்லை. தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் குடிக்கவில்லை என்றான். என்ன மருந்து என்றார்கள். தொண்டைக்கு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

என்னைக் கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. கேப்டன் முனிகிருஷ்ணன் சங்க வேலையால் மிகுந்த மன அழுத்தத்தில் இருக்கிறார், அவருடைய சேவையை நினைத்து கருணையோடு பார்க்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான். கருணை கேட்டால் குற்றம் உறுதியாகிவிடும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். முனி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். வேலை போயிற்று. லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள்.

நான் தலைவரானேன். போட்டி இல்லை. அந்த வாரமே பதினாறு பேரும் வீட்டுக்குப் போனார்கள், ஓஸ்வால்ட் உள்பட. கேப்டன்கள் சம்பளம் தப்பியது. பதிலுக்குக் கோவிந்தப்பா ஓய்வு நேரத்தைக் கேட்டார், கொடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் கேப்டன்கள் சம்பளத்தையும் வெட்டினார்கள். நான் எதிர்த்துப் பேசப் போனபோது எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அடுத்த வருஷம் சாரதியே மூடிவிட்டது. மூடுகிற அன்று வாசலில் ஓஸ்வால்டைப் பார்த்தேன், ஏதோ பாக்கிக்காக வந்திருந்தான். சண்டை போடவில்லை. முனி சார் எப்படி இருக்கார் என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து முனியே இந்திராநகர் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். புது வீட்டைச் சுற்றிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றான். லைசென்ஸைப் பற்றிப் பேசவில்லை. அவன் பேச வந்தது அம்மாவைப் பற்றி. பேப்பரில் வந்த சின்னச் செய்தியை யாரோ வள்ளியம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் மகனோடு பேசுவதில்லை. "சோறாக்கி வெச்சிட்டு வெளிய போய் உக்காந்துக்குது. நான் தின்னு முடிக்கறவரைக்கும் உள்ள வராது" என்றான். காலையில் விளக்கு வைத்து உறுதிமொழி சொல்லும்போது அவன் பக்கத்தில் வந்து நின்றால் பாதியில் நிறுத்திவிடுகிறாராம்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "தப்பா நெனைக்காதே. அண்ணி அந்தக் கஷாயத்துல அரிஷ்டம் மாதிரி எதனா ஊத்தியிருந்தாங்களா? எனக்கு அன்னிக்கே தோணிச்சு. சொன்னா அவங்கள இழுத்து வெச்சு விசாரிப்பானுங்க. நல்லதுக்குக் குடுத்தவங்க பேரு எதுக்கு சந்தி சிரிக்கணும். அதான் வாயத் தொறக்கல."

அப்போதும் எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. கம்பெனி இல்லை, விசாரணை இல்லை. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊற்றியிருக்கலாம், அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்றேன்.

அவன் தலையசைத்தான். அவளை ஒன்றும் கேட்காதே, மனசு கஷ்டப்படுவாள் என்றான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் ஒருநாள் நீலசந்திராவுக்கு வந்து, முனி குடிக்கவில்லை, மருந்தில் ஏதோ கலந்துவிட்டது என்று அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் சொன்னால் நம்ப மாட்டார், நான் சொன்னால் நம்புவார். வருகிறேன் என்றேன்.

ராஜலக்ஷ்மி சமையலறையில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. வெளியே வந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. முனியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தாள். வாழை இலை போடவில்லை. நான் சாப்பிடுகிற தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்துப் பரிமாறினாள். அவன் போகும்வரை எதையோ சொல்ல வருவதுபோல நின்றுகொண்டிருந்தாள். சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவளும் நானும் பேசிக்கொண்டது பால், பேப்பர், மகள் படிப்பு, இவ்வளவுதான்.

நான் நீலசந்திராவுக்குப் போகவில்லை. வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, ஊர் ஊராகப் பறந்தேன். போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இதற்கிடையில் முனி குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். உண்மையாகவே குடிக்க. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவனுக்குள் அது எப்போதும் இருந்திருக்கிறது, எப்படியும் வெளியே வந்திருக்கும், நான் கொஞ்சம் முன்னால் காட்டிக்கொடுத்தேன், அவ்வளவுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்றிரண்டு பேரிடம் வெளியிலும் சொன்னேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவன் இறந்துபோனான். ஈரல் கெட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில். பழைய சாரதி ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். ஓஸ்வால்ட் தோள் கொடுத்தான். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

சடங்குகள் முடிந்தபின் ஒருநாள் காலையில் வள்ளியம்மாவைப் பார்க்கப் போனேன். வீடு பழையபடியே இருந்தது, ஒரு அறை கூடியிருந்தது. எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் என்னை எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

அவர் அழவில்லை. "அஞ்சு வருசமா எம்புள்ளகிட்ட நான் பேசல சாமி" என்றார். "சாவறதுக்கு முந்தின நாளு எங்கையப் புடிச்சிக்கினு சொன்னான். அன்னிக்கு நான் குடிக்கலம்மா, மருந்துதான் குடிச்சேன், சேஷுவக் கேளுன்னான். நீ கூட இருந்தவன். நீ சொல்லு. குடிச்சிருந்தானா, இல்லியா?"

தெருவில் காய்கறிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆமாம்மா. அன்னிக்குக் குடிச்சிருந்தான்" என்றேன்.

"அப்ப சாவுற வாயிலயும் பொய்தானா" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சாமி. நீயாச்சும் உள்ளதச் சொன்னியே" என்றார்.

வீட்டுக்கு வந்து ராஜலக்ஷ்மியிடம் சொன்னேன். அந்த அம்மாளின் நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று விளக்கினேன். குற்றமில்லாத பிள்ளையோடு ஐந்து வருஷம் பேசாமல் இருந்தோம் என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா, தான் செய்தது சரி என்ற ஆறுதலாவது மிஞ்சட்டும் என்று சொன்னேன். ராஜலக்ஷ்மி முழுதும் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் மைசூருக்குப் போனாள். முனி வந்த அன்று தானும் வாய் திறக்கவில்லையே என்று அவள் இன்னும் அழுகிறாளாம், ஸ்ரீவித்யா சொன்னாள். என்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லையாம்.

ஆகவே, உங்கள் தலைவரை இறக்க முடியுமா என்றால், முடியும். சுலபம். ஒரு காலை நேரம் போதும். மற்றவர்கள் எதை நம்பக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் போதும்.

சங்கத்துக்காகச் செய்தேன் என்று நான் வெகுநாள் சொல்லிக்கொண்டேன். இப்போதுகூட உங்களிடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் வள்ளியம்மா கேட்ட அன்று சங்கம் இல்லை, சாரதி இல்லை, பதவி இல்லை, இறக்க வேண்டிய தலைவனும் இல்லை. இல்லையம்மா, அவன் குடிக்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. அந்த அம்மாள் என்னைச் சாமி என்று கூப்பிடுவது நின்றுபோயிருக்கும். அதற்காகத்தான் சொல்லவில்லை.